பரணிலிருந்து இறக்கிய தொட்டில்

கடலூர் முதுநகரில் மாமனார் வீட்டுப் பரணில் ஒரு மரத்தொட்டில் இருந்தது. என் மனைவி படுத்து வளர்ந்தது. எங்கள் மகளையும் அதிலேயே போடலாம் என்று ஆசையாக இறக்கினேன். நகம் பட்டாலே பச்சை பெயின்ட் செதில் செதிலாக உதிர்ந்தது. பக்கச் சட்டங்களுக்கு நடுவே ஒரு குளிர்பான டின்னை நுழைத்துப் பார்த்தேன். தடையில்லாமல் உள்ளே போய்விட்டது. இடைவெளி 6 சென்டிமீட்டருக்கு மேல் போனால் குழந்தையின் உடம்பு நழுவி, தலை மாட்டிக்கொள்ளும்.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வேறு பெயின்ட் அடிக்கலாம் என்றார் மாமனார். அதற்கு மட்டும் நான் சம்மதிக்கவில்லை. வீட்டு பெயின்டில் ஈயம் (லெட் என்கிற நச்சு உலோகம்) 90 பிபிஎம்-க்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டைத் தேய்த்தால் ஈயத்தூள் வீடு முழுக்கப் பறக்கலாம். பல் முளைக்கும் பிள்ளை சட்டத்தைக் கடிக்காமல் இருக்குமா?

சரி, கடையில் வாங்கலாம் என்று போனால், பார்ட்டிகிள் போர்டு தொட்டில். பக்கத்தில் குனிந்ததுமே கண் எரிந்தது. அந்தப் பலகையை ஒட்டும் பசையில் பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு என்கிற, கண்ணை எரிக்கும் ரசாயனம் இருக்கும். வேண்டாம் என்று திரும்பிவிட்டேன்.

அப்புறம் ஆசாரியிடம் சொல்லித் தேக்கில் செய்தோம். இடைவெளி 5 சென்டிமீட்டர். பெயின்ட், வார்னிஷ் எதுவும் இல்லை, தேன்மெழுகு மட்டும். மெத்தை ஓரத்தில் இரண்டு விரல்கூட நுழையாது. தலையணை வைப்பதில்லை, அம்மா எவ்வளவு கேட்டாலும்.

மாமியார் ஒவ்வொரு சட்டத்தையும் உள்ளங்கையால் தடவி, சிராய் இல்லை என்று பார்த்த பிறகுதான் பேத்தியைப் படுக்கவைத்தார்.