குப்புற விழுந்த நுரைச் சிலந்தி

புளூகில் வட அமெரிக்க மீன். அதைப் பிடிக்கத் தூண்டில் முள்ளில் நுரைத் துண்டும் ரப்பர் கால்களும் வைத்துக் கட்டும் போலி இரைதான் நுரைச் சிலந்தி. அதை நான் கோலாலம்பூரில் ஒரு பழைய ஈயச் சுரங்கக் குட்டையில் திலாப்பியா மீனுக்குப் போடுகிறேன். 10ஆம் எண் முள் போதும்.

போன மாதம் ஒரே தொல்லை. நாலு முறை வீசினால் நுரை முள்ளைச் சுற்றித் திரும்பிவிடும், ரப்பர் கால்கள் கோணல்மாணலாக நிற்கும். நூலை இறுக்கினேன், நுரையே அறுந்தது. பழைய சிலிப்பரில் வெட்டியதாச்சே!

அப்புறம்தான் புரிந்தது, வழவழப்பான வெறும் கம்பியில் நுரைக்குப் பிடிமானமே இல்லை. இப்போது முள்தண்டு முழுக்க முதலில் நூலை நெருக்கமாகச் சுற்றி, அதன்மேல் குறுக்குமறுக்காக இன்னொரு சுற்று. ஒரு சொட்டு சூப்பர் க்ளூ விட்டு, காயும் முன்னே நுரையை வைத்து மூன்றே கட்டு. நுரை தண்டுக்கு மேலேயே நிற்க வேண்டும். முள்ளின் வாயை, அதாவது தண்டுக்கும் கூர்முனைக்கும் நடுவிலுள்ள இடைவெளியை, அடைத்தால் மீன் கடித்தும் மாட்டாது.

நேற்று மழைக்கு முன் ஆறு திலாப்பியா. சிலந்தி அப்படியே இருக்கிறது, ஒரு கால்தான் போச்சு.