கண்டிப் பக்கம் வீடு பார்க்கப் போனால் மழை நாளில் போங்கள்

தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, படித்து, ஒரு வேலைக்குப் போய், கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் நம்மவர்களில் நிறையப் பேர் பார்க்கிற திசை கண்டிதான். ஹட்டனில் இருந்தும் தலவாக்கலையில் இருந்தும் பதுளையில் இருந்தும் வந்து காணி தேடுகிறார்கள். கொழும்பு புழுக்கம், யாழ்ப்பாணம் தூரம், கண்டி என்றால் அம்மா அப்பாவையும் கூட வைத்துக்கொள்ளலாம் என்ற கணக்கு. கணக்கு சரி. பிழை, போய்ப் பார்க்கிற நாளில்தான்.

புரோக்கர் எப்போதும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத்தான் வரச் சொல்வார். ரோட்டில் வாகனம் இருக்காது, வெயில் அடிக்கும், ஹந்தானை மலை பச்சைப் பசேல் என்று தெரியும். "டவுனுக்குப் பத்தே நிமிஷம் சேர்" என்பார். அவர் சொல்வது பொய்யும் இல்லை. ஞாயிறு பத்து மணிக்குப் பத்து நிமிஷம்தான்.

நாங்களும் அப்படி ஒரு ஞாயிறில்தான் மயங்கினோம். மூன்று அறை வீடு, முற்றத்தில் ஒரு கொய்யா மரம், பின்னால் மேட்டை அணைத்து உயரமான கல் சுவர், சுவருக்குப் புது வெள்ளைப் பெயின்ட். அட்வான்ஸ் கொடுக்க நாளும் பார்த்தாயிற்று. அதற்கு இரண்டு நாள் முன்பு, ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், அம்மா "மழையில் ஒருக்கா பார்த்திட்டு வா" என்றார். லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், அறுபது வருடம் மழை பார்த்தவர் சொல்கிறாரே என்று குடையை எடுத்துக்கொண்டு போனேன்.

மேட்டை அணைக்கிற சுவரில் தண்ணீர் வெளியேற இடையிடையே குழாய் வைத்திருப்பார்கள். மழை நாளில் அந்தக் குழாய்களில் இருந்து தண்ணீர் ஒழுக வேண்டும். அங்கே ஒன்றிலும் ஒரு சொட்டு இல்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் எல்லாவற்றையும் சீமெந்து வைத்து அடைத்து, அதன் மேல் பெயின்ட் அடித்திருந்தார்கள். தண்ணீர் போக வழியில்லாமல் சுவரின் நடுவில் ஒரு வெடிப்பு வழியாகக் கசிந்தது, அதுவும் செம்மண் கலந்து. பக்கவாட்டில் நின்று பார்த்தால் சுவருக்கு வயிறு தள்ளியிருந்தது. வெயிலில் தெரிந்த வெள்ளைச் சுவரும் இதுவும் ஒரே சுவர்தானா என்று கொஞ்ச நேரம் நின்றேன்.

மலையில் மண்ணைச் சரிக்கிறது பெரும்பாலும் மண்ணுக்குள் தங்குகிற தண்ணீர்தான். அதனால் வீட்டுக்குள் டைல்ஸ் பார்ப்பதற்கு முன் வீட்டைச் சுற்றித் தண்ணீர் எங்கே இருந்து வருகிறது, எங்கே போகிறது என்று பாருங்கள். மேல் வீட்டுக்காரரின் கூரைத் தண்ணீர் உங்கள் முற்றத்தில் விழுகிறதா? மேட்டில் மரங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றனவா? கதவு, ஜன்னல் இறுகிப் பூட்ட முடியாமல் இருக்கிறதா? சுவரில் படிக்கட்டு மாதிரி வெடிப்பு ஓடுகிறதா? முன்பு இல்லாத இடத்தில் புதிதாக ஊற்று வந்திருக்கிறதா? இதில் இரண்டு மூன்று ஒன்றாகத் தெரிந்தால் விலை பேசவே வேண்டாம்.

பக்கத்து வீட்டில் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது: "டித்வா வந்த ராத்திரி எங்கே படுத்தீர்கள்?" 2025 நவம்பர் கடைசியில் அந்தப் புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்டது. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் எத்தனையோ இடங்களில் மலை இறங்கியது. "வீட்டில்தான் படுத்தோம்" என்று சாதாரணமாகச் சொன்னால் ஒரு நிம்மதி. "பன்சாலையில்" (பௌத்த விகாரையில்), "ஸ்கூலில்" என்று சொன்னால் அடுத்த கேள்வியைக் கேளுங்கள். புரோக்கரிடம் இதைக் கேட்டுப் பிரயோசனம் இல்லை, ரோட்டோரக் கடையில் தேத்தண்ணி வாங்கிக் குடித்துக்கொண்டே கேட்க வேண்டும்.

கடதாசியிலும் இதைப் பார்க்க வழி உண்டு. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் வீடு கட்ட தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அபாய வலய வரைபடங்களும் அவர்களிடம் இருக்கின்றன. கட்டிய வீடு என்றால் அந்த அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள், வெறும் காணி என்றால் வாங்குவதற்கு முன்பே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருங்கள், 100 தாண்டினால் தயாராகுங்கள், 150 தாண்டினால் வெளியேறுங்கள் என்பதுதான் அவர்களின் எச்சரிக்கைக் கணக்கு. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போன பிறகு இதை அசட்டையாக விட நம்மில் யாருக்கும் மனம் வராது என்று நினைத்திருந்தேன். ஆனாலும் விலை குறைவு என்றதும் மறந்துபோகிறது.

மலை பயம் என்று சமநிலத்துக்கு ஓடுகிறவர்களும் உண்டு. கண்டிப் பக்கம் சமநிலம் என்றால் பல இடங்களில் அது மகாவலிக் கரை. கம்பளை, பேராதனை, கெட்டம்பே பக்கம் வாங்குகிறவர்கள் வெள்ளம் எந்த உயரத்துக்கு வந்தது என்று சுவரில் உள்ள கறையைத் தேட வேண்டும். அங்கேயும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் மதில் கல்லைப் பாருங்கள், மதிலுக்கு யாரும் கவனமாகப் பெயின்ட் அடிப்பதில்லை.

அடுத்தது பேர்ச் கணக்கு, இங்கே காணியை அளக்கிற அலகு அது. சரிவுக் காணி பேர்ச் விலையில் மலிவாகத் தெரியும். நில அளவைப் பிளானில் உள்ள பரப்பு மேலிருந்து தட்டையாகப் பார்த்த பரப்பு. பத்து பேர்ச் என்று எழுதியிருக்கும், வீடு வைக்கக்கூடிய தட்டான இடம் நாலு பேர்ச் இருந்தால் பெரிய விஷயம். மிச்சத்தை வெட்டித் தட்டாக்கி, பக்கச் சுவர் எழுப்பி, மணலும் சீமெந்தும் தலைச்சுமையாக ஏற்றிப் பாருங்கள், காணியின் விலையைச் சுவரே தின்றுவிடும். எங்கள் உறவுக்காரர் ஒருவர் ரோட்டில் இருந்து 58 படி ஏறிப் போகிற காணியை "வியூ நல்லது" என்று வாங்கினார். வியூ நல்லதுதான். 12.5 கிலோ காஸ் சிலிண்டர் வருகிற நாளில் வீட்டில் யாரும் அந்த வியூவைப் பார்ப்பதில்லை. அவருடைய அம்மாவுக்கு மூட்டு வலி வந்த பிறகு மாதத்துக்கு ஒருமுறை, கிளினிக் போக மட்டும்தான் கீழே இறங்குகிறார். 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிட்டால் வரும், ஆனால் ரோடு முடிகிற இடத்தில் நின்றுவிடும்.

அந்த ரோடு யாருடையது என்றும் பாருங்கள். பக்கத்துக் காணிக்குள்ளால் ஒரு பாதை போகும், "எல்லோரும் இதால்தான் போறது" என்பார்கள். வழி உரிமை என்பது உறுதியிலும், அதாவது காணிப் பத்திரத்திலும், பிளானிலும் எழுதியிருக்க வேண்டும். வாய்வார்த்தைப் பாதை, பக்கத்து வீட்டுக்காரருடன் ஒரு கோழிச் சண்டை வரும் வரைக்கும்தான்.

இப்போது காலைக்கு வருவோம். பாடசாலை நாளில், ஏழு மணிக்கு அந்த வீட்டு வாசலில் இருந்து பஸ் ஏறி டவுனுக்குப் போய்ப் பாருங்கள். பேராதனைக்கும் கண்டிக்கும் இடையே ஆறு கிலோமீற்றர் அளவுதான், ஆனால் காலையில் நெரிசல். கண்டி ஒரு கிண்ணத்துக்குள் இருக்கிற ஊர், உள்ளே வர விரல்விட்டு எண்ணக்கூடிய வழிகள்தான் உண்டு. பேராதனைப் பக்கம், கட்டுகஸ்தோட்டைப் பக்கம், தென்னேகும்புரப் பாலம் என்று எல்லாம் ஒரே நேரத்தில் நிறையும். டவுனுக்குள்ளேயே வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை என்று நினைப்பவர்கள் தலதா மாளிகையின் எசல பெரஹெரா ஊர்வல நாட்களை யோசிக்க வேண்டும். இரவுகளில் வீதி பூட்டியிருக்கும், வேலை முடிந்து வீட்டுக்குப் போக ஊரைச் சுற்ற வேண்டும். அது வருடத்தில் சில நாள்தான், எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை.

பாடசாலைக்காகவே வீடு வாங்குகிறவர்கள் செய்கிற பிழை வேறு. முதலாம் தரத்துக்குப் பிள்ளை சேர்க்கும்போது பாதி இடங்கள் அருகில் வசிப்பவர்களுக்கு. ஆனால் வீடு இருந்தால் போதாது, ஐந்து வருட வாக்காளர் இடாப்புப் பதிவும் வசிப்பிட ஆதாரமும் இருந்தால்தான் முழுப் புள்ளி. பிள்ளைக்கு நாலு வயதானபோது உறுதி எழுதினால் அந்தப் புள்ளியில் பெரும்பகுதி போய்விடும். உங்கள் வீட்டுக்கும் நீங்கள் விரும்புகிற பாடசாலைக்கும் நடுவில் பிள்ளை சேரக்கூடிய வேறு பாடசாலை இருந்தாலும் புள்ளி வெட்டுவார்கள். தமிழ் மொழிமூலம் உள்ள பாடசாலை எது என்று முதலில் பார்த்து, அதற்குப் பிறகு வீடு தேடுங்கள். பலர் தலைகீழாகச் செய்துவிட்டு ஸ்கூல் வேனுக்குக் காசு கட்டுகிறார்கள்.

கடதாசி விஷயத்தில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். காரணம் எளிது: தலைமுறை தலைமுறையாக நமக்குக் காணி இருந்ததில்லை, உறுதி வாசித்துப் பழக்கமில்லை. தோட்டத்தில் ஒருவர் தன் மரக்கறித் தோட்டத்தை இன்னொருவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து விற்பது நடக்கிறது. அந்த நிலம் பெரும்பாலும் அரசுடையது, தோட்டக் கம்பனிக்குக் குத்தகையில் இருப்பது. அதை விற்க அவருக்கே உரிமை இல்லை. 1840ஆம் ஆண்டுச் சட்டப்படி காணி கைமாற நொத்தாரிசும் (நோட்டரி) இரண்டு சாட்சிகளும் முன்னால் இருந்து கையெழுத்திட்ட உறுதி வேண்டும். முத்திரை ஒட்டிய கடிதம், கிராம சேவகரின் சீல், கோயில் தலைவரின் கையெழுத்து எதுவும் அந்த இடத்தை நிரப்பாது.

அரசாங்கம் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணி, ஜயபூமி, ஸ்வர்ணபூமி அளிப்புக் காணிகளைப் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் விற்க முடியாது. பழைய எஸ்டேட்டைத் துண்டு போட்டு விற்கிற இடங்களில் 1972 காணி சீர்திருத்தச் சட்டத்தின் கீழ் காணி சீர்திருத்த ஆணைக்குழுவுக்குப் போன காணியா என்று பார்க்க வேண்டும். அப்புறம் கண்டிக்கே உரிய ஒரு பொறி: கண்டியச் சட்டத்துக்கு, அதாவது கண்டிப் பகுதிச் சிங்களவரின் தனியாள் சட்டத்துக்கு, உட்பட்டவர் எழுதிய நன்கொடை உறுதியை, மீளப் பெறும் உரிமையை அவர் அதிலேயே வெளிப்படையாகக் கைவிட்டிருந்தால் ஒழிய, பொதுவாக அவர் உயிரோடு இருக்கும்வரை திரும்ப எடுத்துக்கொள்ளலாம். தாத்தா பேரனுக்கு நன்கொடையாக எழுதி, பேரன் உங்களுக்கு விற்கிறார் என்றால், தாத்தா இருக்கிறாரா, உறுதியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்காமல் காசு கொடுக்காதீர்கள்.

இதையெல்லாம் நீங்களே கண்டுபிடிக்கத் தேவையில்லை. விற்பவர் காட்டுகிற நொத்தாரிசை விட்டு, நீங்களாக ஒருவரைப் பிடித்து, காணிப் பதிவகத்தில் 30 வருடப் பதிவைத் தேடச் சொல்லுங்கள். அதில் ஈடு (அடமானம்), வழக்கு, பிரிக்கப்படாத பங்கு எல்லாம் தெரியும். உறுதி சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால் வெட்கப்படாமல் தமிழில் வரி வரியாகச் சொல்லச் சொல்லுங்கள். எல்லையை உங்கள் செலவில் ஒரு சர்வேயரைக் கொண்டு அளந்து பாருங்கள், வேலி நிற்கிற இடமும் பிளான் சொல்கிற இடமும் மலையில் அடிக்கடி வேறு வேறு.

செலவில் முத்திரைத் தீர்வையை மறந்துவிடுகிறார்கள். முதல் 1 இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். 60 இலட்சம் ரூபா வீட்டுக்கு 239,000 ரூபா அதிலேயே போகும், நொத்தாரிசு கட்டணம் தனி. கையில் உள்ளதைத் துடைத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, இதற்கு நகை அடகு வைக்க ஓடியவர்களை எனக்குத் தெரியும்.

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. தோட்டத்தில் பீலித் தண்ணி, மலையில் இருந்து பீலியில் வழிகிற தண்ணி, பழகிய நமக்குக் குழாய் இருந்தாலே போதும் என்று தோன்றும். குழாய் இருப்பது வேறு, மேட்டு வீட்டுக்குத் தண்ணீர் ஏறுவது வேறு. மாசி, பங்குனி வறட்சியில் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். கூரையில் எத்தனை தாங்கி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தாலே பாதி விடை தெரியும்.

நாங்கள் கடைசியில் கெலிஓயாப் பக்கம் வாங்கினோம். பதினொரு படி, இரண்டு அறை, வியூ என்று ஒன்றும் இல்லை, எதிரில் ஒரு சில்லறைக் கடையின் தகரக் கூரைதான். அம்மா முதல் மழையில் பின்பக்கம் போய்ச் சுவர்க் குழாய்களில் தண்ணீர் ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டு வந்து தேத்தண்ணி கேட்டார். முதலில் பார்த்த அந்த வெள்ளைச் சுவர் வீட்டையும் யாரோ வாங்கியிருக்கிறார்கள். போன மாதம் பஸ்ஸில் போகும்போது பார்த்தேன், பின் சுவருக்கு மறுபடியும் பெயின்ட் அடித்திருந்தது.