இங்கே கலெக்டர் இல்லை: பிரிட்டனுக்கு வரும் தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு மனு பற்றிய வழிகாட்டி

திங்கள்கிழமை காலையில் தருமபுரி ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய் வந்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. வெளியே உட்கார்ந்து மனு எழுதித் தருபவர், வந்தவர் சொல்லும் கதையைக் காதில் வாங்கிக்கொண்டே 'அனுப்புநர், பெறுநர், பொருள்' என்று வெள்ளைத் தாளில் வரிசையாக எழுதி, ஆதார் நகலைப் பின்னால் சேர்த்துக் குண்டூசி குத்திக் கொடுப்பார். அதை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்துவிட்டால், பட்டா பெயர் மாற்றமானாலும், பள்ளிக்கூடச் சுவரானாலும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் இல்லாத குறையானாலும், எல்லாம் ஒரே மேசைக்குப் போய்ச் சேரும்; அங்கிருந்து அந்தந்தத் துறைக்குப் பிரித்து அனுப்புவது அவர்கள் பாடு. பாலக்கோட்டில் வளர்ந்த எனக்கு மனு என்றால் அதுதான். இங்கிலாந்துக்கு வந்தபின் முதலில் மறக்க வேண்டியிருந்ததும் அதுதான். இங்கே கலெக்டர் என்று ஒருவர் இல்லை. எந்தக் குறை யாருடைய பொறுப்பு என்று பிரித்துப் பார்க்கும் வேலை மனுக் கொடுப்பவர் தலையிலேயே விழுகிறது.

ஓசூரிலிருந்து மென்பொருள் வேலைக்கும், தருமபுரியிலிருந்து செவிலியர் வேலைக்கும் வருகிற குடும்பங்கள் என்னிடம் அதிகம் கேட்பவை இரண்டு: பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கலாமா என்பது ஒன்று, பக்கத்திலிருக்கும் மருத்துவமனையை மூடப்போகிறார்களாம், யாரிடம் சொல்வது என்பது மற்றொன்று. முன்னது சட்டத்தைப் பற்றியது, ஆகவே நாடாளுமன்றத்துக்குப் போக வேண்டியது. பின்னது பெரும்பாலும் உள்ளூரிலேயே தீர்மானிக்கப்படுவது.

நாடாளுமன்றத்துக்கு இணையவழி மனு தருவது எளிது. குடியுரிமை தேவையில்லை, பிரிட்டனில் வசிப்பவராக இருந்தால் போதும், விசாவில் இருப்பவரும் கையெழுத்திடலாம். மனுவைத் தொடங்க முதலில் ஐந்து பேர் ஆதரவு வேண்டும். பிறகு அதிகாரிகள் விதிகளுக்கு உட்பட்டதா என்று சரிபார்த்து வெளியிடுவார்கள்; ஆறு மாதம் திறந்திருக்கும். 10,000 கையெழுத்து சேர்ந்தால் அரசு எழுத்தில் பதில் தரும். 1,00,000 சேர்ந்தால் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று மனுக்கள் குழு பரிசீலிக்கும். அந்த விவாதங்களும் வழக்கமாகத் திங்கள்கிழமைதான் நடக்கின்றன. நம் ஊர்க்காரர்களுக்கு நாள் மட்டுமாவது மாறவில்லை. இதுதவிர, உங்கள் தொகுதி எம்.பி. வழியாகக் காகித மனுவும் கொடுக்கலாம். அதற்கு ஒரே ஒரு கையெழுத்து போதும். சபாநாயகர் இருக்கைக்குப் பின்னால் தொங்கும் பையில் எம்.பி. அதைப் போடுவார். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் கல்வியும் சுகாதாரமும் அந்தந்தச் சட்டமன்றங்களின் பொறுப்பு என்பதால், அங்கே வசிப்பவர்கள் அங்கேயே மனுக் கொடுக்க வேண்டும்.

வீட்டுக் கல்வியில் நம்மவர்கள் இடறும் இடங்கள் சில உண்டு. பிள்ளைக்கு அதன் வயதுக்கும் திறனுக்கும் ஏற்ற முழுநேரக் கல்வி கிடைக்கச் செய்வது பெற்றோரின் கடமை என்றும், அதைப் பள்ளியிலோ 'வேறு வகையிலோ' நிறைவேற்றலாம் என்றும் 1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் சொல்கிறது. அந்த 'வேறு வகை' என்ற ஒற்றைச் சொல்தான் இங்கிலாந்தில் வீட்டுக் கல்விக்கு அடித்தளம். ஏற்கெனவே சாதாரணப் பள்ளியில் படிக்கும் பிள்ளையை நிறுத்த வேண்டுமானால் தலைமையாசிரியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கவுன்சில் எனப்படும் உள்ளாட்சி மன்றத்தின் ஏற்பாட்டில் சிறப்புப் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால் அதன் ஒப்புதலும் வேண்டும். பாடத்திட்டம் உங்கள் விருப்பம், செலவும் உங்களுடையதே, பதினாறு வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. தேர்வுக் கட்டணத்தையும் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். கவுன்சிலிலிருந்து விசாரித்துக் கடிதம் வந்தால், பேசாமல் இருந்துவிடுவது பெரிய தவறு. என்ன படிக்கிறான், எப்படிப் படிக்கிறான் என்று இரண்டு பக்கம் எழுதி, நோட்டுப் புத்தகத்தின் சில பக்கங்களை இணைத்து அனுப்புங்கள். மாங்காய்க் காலத்தில் ஒரு மாதம் ஊருக்குப் போய் வருவதற்காக மட்டும் பிள்ளையின் பெயரைப் பள்ளியிலிருந்து எடுத்துவிடலாம் என்று யோசிக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். திரும்பி வரும்போது அந்த இடத்தில் வேறு பிள்ளை உட்கார்ந்திருக்கும்.

இந்த விதிகளை மாற்ற அரசு முயன்றபோதெல்லாம் மனுக்கள் குவிந்திருக்கின்றன. 2009இல் கிரகாம் பேட்மன் என்பவர் அரசுக்குத் தந்த அறிக்கை, வீட்டில் படிக்கும் பிள்ளைகளைக் கட்டாயமாகப் பதிவு செய்ய வேண்டும் என்றது. பெற்றோர்கள் தொகுதி தொகுதியாகக் கையெழுத்து வாங்கித் தத்தம் எம்.பி.க்கள் மூலம் ஒரே விஷயத்தில் ஏராளமான மனுக்களைக் கொடுத்தார்கள். அந்தப் பரிந்துரை ஒரு மசோதாவில் இடம்பெற்றது; 2010 பொதுத் தேர்தலுக்கு முன் அதிலிருந்து அந்தப் பகுதி கைவிடப்பட்டது. அதே பதிவேடு 2024 டிசம்பரில் வேறொரு மசோதாவில் திரும்பி வந்தது. அந்த மசோதாவைத் திரும்பப் பெறக் கோரிய மனுவும் ஒரு லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. ஆகவே பிள்ளையை நிறுத்துமுன் அன்றைய நிலவரத்தைக் கவுன்சிலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

உள்ளூர் மருத்துவ சேவைக்கு வருகிறேன். எங்கள் பகுதியில் ஒரு கிளை மருத்துவகத்தை மூடப்போவதாகச் செய்தி வந்தபோது, பொங்கல் விழா மண்டபத்தின் வாசலிலேயே மேசை போட்டுக் கையெழுத்து வாங்கினோம். 212 பேர் போட்டார்கள். எனக்கோ கலெக்டர் ஆபீஸ் கனவு. ஊர் வழக்கப்படி மேலிடத்துக்கே போவோம் என்று சுகாதார அமைச்சருக்கு அனுப்பினோம். வாரங்கள் கழித்து, இது உள்ளூர் சுகாதார வாரியத்தின் முடிவு என்று மரியாதையான பதில் வந்தது. வாரியம் மக்களிடம் கருத்துக் கேட்ட காலம் அதற்குள் முடிந்திருந்தது. கவுன்சிலுக்குக் கொண்டுபோனபோது இன்னொரு வேடிக்கை: பாதிப் பேர் அஞ்சல் குறியீடு எழுதவில்லை, பொங்கலுக்கு வெளியூரிலிருந்து வந்தவர்களும் போட்டிருந்தார்கள். கணக்கில் நின்றவை 94.

அதனால் சொல்கிறேன். இங்கிலாந்தில் 2022 ஜூலை முதல், மருத்துவ சேவைகளைத் திட்டமிடுவது ஐ.சி.பி. எனப்படும் ஒருங்கிணைந்த பராமரிப்பு வாரியம். கருத்துக் கேட்கும் காலம் முடியுமுன் அதற்கு எழுதுங்கள், கவுன்சிலின் சுகாதார ஆய்வுக் குழுவுக்கு நகல் அனுப்புங்கள், எம்.பி.யை அவரது மக்கள் சந்திப்பில் நேரில் பாருங்கள். அதிகாரம் யாருடையது என்ற கேள்வி நீதிமன்றத்தில் அமைச்சரையே தோற்கடித்ததுண்டு. தெற்கு லண்டனில் லூயிஷம் மருத்துவமனையின் அவசரப் பிரிவையும் மகப்பேறுப் பிரிவையும் குறைக்க 2013இல் சுகாதார அமைச்சர் முடிவெடுத்தார். மக்கள் ஆயிரக்கணக்கில் ஊர்வலம் போனார்கள்; ஆனால் உயர் நீதிமன்றத்தில் எடுபட்ட வாதம், கடனில் மூழ்கிய பக்கத்து மருத்துவமனை அறக்கட்டளையைச் சீர்படுத்தப் பயன்படுத்திய சட்டத்தை வைத்து லூயிஷத்தின் மேல் கைவைக்க அவருக்கு அதிகாரமில்லை என்பதுதான். மேல்முறையீட்டிலும் அரசு தோற்றது.

மனுவில் 'கருணை கூர்ந்து ஆவன செய்யுமாறு' என்பதெல்லாம் வேண்டாம். எந்தச் சேவை, எந்தத் தேதியில் நிற்கப்போகிறது, அது போனால் கைக்குழந்தையோடு இருக்கும் தாய் எத்தனை பேருந்து மாறி எங்கே போக வேண்டும், நீங்கள் கேட்பது என்ன என்று எழுதுங்கள். கோரிக்கை ஒன்றே ஒன்றாக இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. இங்கே முறையாக வசிக்கும் இந்தியக் குடிமக்களுக்கு, காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில், நாடாளுமன்றத் தேர்தலிலும் கவுன்சில் தேர்தலிலும் வாக்குரிமை உண்டு. பலருக்கு இது தெரிவதேயில்லை. கிடர்மின்ஸ்டர் ஊரில் அவசரப் பிரிவு மூடப்பட்ட கோபத்தில் 2001இல் மக்கள் ஓய்வுபெற்ற மருத்துவர் ரிச்சர்ட் டெய்லரைச் சுயேச்சையாக நிறுத்தி எம்.பி. ஆக்கினார்கள். வீடு கிடைத்த வாரத்திலேயே வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்த்துவிடுங்கள், எம்.பி.க்கு எழுதும் கடிதத்தில் உங்கள் பெயருக்குக் கீழே முகவரியையும் அஞ்சல் குறியீட்டையும் மறக்காமல் எழுதுங்கள்.