புது க்ரூஸர்: முதலில் உடம்பு பழகட்டும், சைலன்சர் அப்புறம்

க்ரூஸர், அதாவது காலை முன்னால் நீட்டி உட்கார்ந்து ஓட்டும் தாழ்ந்த, நீளமான மோட்டார் சைக்கிள், கைக்கு வந்த அன்று ராத்திரியே நான் உட்கார்ந்து சாமான் பட்டியல் போட்டேன். உயரமான ஹேண்டில்பார், விண்ட்ஷீல்டு, தோல் பைகள், கட்டைக் குரலில் உறுமும் சைலன்சர் என்று மொத்தம் 11. மூன்று மாதம் ஓட்டிய பிறகு பார்த்தால் அதில் தேவைப்பட்டது இரண்டுதான். பட்டியலிலேயே இல்லாத சீட்தான் என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தது. அதனால் நான் சொல்வது ஒன்றுதான்: எதை மாற்றுவது என்று உடம்பு சொல்லட்டும், அதுவரை பணத்தை எடுக்காதீர்கள்.

படி 1: காசில்லாமல் ஆகிற வேலை

வண்டியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் ஹேண்டில் பிடியில் வையுங்கள். விரலை நீட்டினால் கிளட்ச், பிரேக் லீவர்கள் முன்கையின் அதே கோட்டில் கிடைக்க வேண்டும். மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கினால் லீவர் ரொம்ப உயரத்தில் இருக்கிறது என்று அர்த்தம். போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி இறக்கிவிட்டுத் திரும்ப இறுக்குங்கள். பின் பிரேக் பெடலும் அப்படித்தான், காலைத் தூக்காமல் பாதத்தைச் சாய்த்தாலே எட்ட வேண்டும். கண்ணாடியில் உங்கள் தோள்பட்டை பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தால் அதையும் திருப்பிவிடுங்கள். பாதி வலி இதிலேயே போய்விடும்.

படி 2: காலி மைதானம்

க்ரூஸரின் சக்கர இடைவெளி நீளம், முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் சாய்வு அதிகம், எடை 200 கிலோவைத் தாண்டுவது சகஜம். நேர் சாலையில் ரயில் மாதிரி போகும். அதே வண்டி நடக்கிற வேகத்தில் திரும்பும்போது முரண்டு பிடிக்கும். அதனால் முதல் பாடம் மெதுவாக ஓட்டுவதுதான்.

முதல் கியரில், ஆக்சிலேட்டரை லேசாகத் திறந்து அப்படியே வைத்துக்கொண்டு, வேகத்தை ஹாஃப் கிளட்சால் கட்டுப்படுத்துங்கள். கூடவே பின் பிரேக்கை மெல்ல அழுத்தியிருந்தால் வண்டி ஆடாமல் நிற்கும். பார்வை திரும்ப வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். முன் சக்கரத்தைக் குனிந்து பார்த்தால் அங்கேயேதான் போய் விழுவோம். எட்டுப் போட்டுப் பழகுங்கள், பெரிதாக ஆரம்பித்து மெல்ல மெல்லச் சின்னதாக்கிக்கொண்டே வாருங்கள்.

ஹேண்டில் திரும்பியிருக்கும்போது மெதுவான வேகத்தில் முன் பிரேக்கைத் தொடவே தொடாதீர்கள். நான் தொட்டேன். யூ டர்னில் ஒரு நாய் குறுக்கே வந்தது, விரல் தானாக லீவரை இழுத்தது, அவ்வளவுதான், வண்டி கவிழ்ந்து கிடக்கிறது, நான் பக்கத்தில் நிற்கிறேன், நாய் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறது. விழுந்த வண்டியை முன்னால் குனிந்து தூக்கினால் இடுப்பு போய்விடும். இன்ஜினை அணைத்து, வண்டி கியரில் இருக்கிறதா என்று பாருங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முதலிலேயே வெளியே எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் தூக்கிய வேகத்தில் இடப்பக்கம் சாய்ந்துவிடும். அப்புறம் வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டில் பின்பக்கத்தைப் பதித்து, ஒரு கையில் ஹேண்டில் பிடி, இன்னொரு கையில் ஃப்ரேமைப் பிடித்துக்கொண்டு, சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடங்கள். தூக்குவது கால்தான், முதுகு இல்லை.

படி 3: ரன்னிங்-இன்

புது இன்ஜினை மெல்லப் பழக்கும் காலம்தான் இது. எத்தனை கிலோமீட்டர் என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். அதுவரை முழு ஆக்சிலேட்டர் வேண்டாம், ஒரே வேகத்தில் மணிக்கணக்காக ஓட்டவும் வேண்டாம். உயர்ந்த கியரில் இன்ஜினைத் திணறவிடுவதும் கெடுதல்தான், பலர் இதைக் கவனிப்பதில்லை. முதல் ஆயில் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள், புதுப் பாகங்கள் உரசிய உலோகத்தூள் அதில்தான் இருக்கும். புது டயர் முதல் நூறு நூற்றைம்பது கிலோமீட்டருக்கு வழுக்கும், ஈரத்தில் இன்னும் மோசம்.

வளைவில் சாயும்போது ஃபுட்ரெஸ்ட் தரையில் உரசி கர்ரென்று சத்தம் வரும். பதறி பிரேக் அடிக்காதீர்கள். தாழ்ந்த வண்டி, அவ்வளவுதான் சாயும் என்று அது சொல்கிறது. அடுத்த முறை வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள்.

படி 4: இப்போது மாற்றலாம்

முதுகுத்தண்டின் அடியில் வலித்தால் சீட்டும் ஷாக் அப்சார்பரும்தான் காரணமாக இருக்கும். கால் முன்னால் நீண்டிருப்பதால் குழியில் எழுந்து நிற்க முடியாது, ஒவ்வொரு அடியும் நேராக முதுகில்தான் ஏறும். முதலில் ஷாக்கின் ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங் முன்கூட்டியே அழுந்தியிருக்கும் அளவை, உங்கள் எடைக்குத் தகுந்தபடி திருகிப் பாருங்கள், அப்புறம் சீட்.

தோளும் கழுத்தும் வலித்தால் ஹேண்டில்பார். முழு ஹேண்டிலையும் மாற்றாமல், அதை உயர்த்திக் கொடுக்கும் ரைசர் துண்டுகளைப் போட்டாலே போதுமா என்று பாருங்கள். எதைப் போட்டாலும், நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஹேண்டிலைத் திருப்புங்கள். இன்ஜின் சத்தம் தானாக ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது. பிரேக் ஹோஸும் விறைக்கக் கூடாது. இந்தச் சோதனை முடியாமல் சாலைக்குப் போகாதீர்கள்.

விண்ட்ஷீல்டு வாங்கினால் அதன் மேல் விளிம்புக்கு மேலாகச் சாலை தெரிய வேண்டும். உயரம் சரியில்லையென்றால் காற்று அதன் விளிம்பில் சுழன்று ஹெல்மெட்டைப் போட்டு உலுக்கும், இல்லாமலே ஓட்டியிருக்கலாம் என்று தோன்றும். பக்கப் பைகளுக்குள் தாங்கும் கம்பி கட்டாயம், துணிப்பை சக்கரத்தில் சிக்கினால் கதை முடிந்தது.

சைலன்சரைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். வாரன்டி, உங்கள் ஊர் சத்தச் சட்டம் இரண்டையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். காற்றோட்டம் மாறினால் எரிபொருள் கலவையையும் சரிசெய்ய வேண்டிவரும். எனக்கு இன்றுவரை பழைய சைலன்சர்தான்.

மாட்டிய ஒவ்வொரு போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் (குறித்த அளவு விசையில் இறுக்க உதவும் ஸ்பேனர்) இறுக்கி, தலையிலிருந்து பக்கத்து உலோகம்வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள், கோடு உடைந்திருந்தால் அந்தப் போல்ட் கழன்றுகொண்டிருக்கிறது.