கரண்டில் ஓடும் ஃபிரிட்ஜ், கேஸில் மட்டும் அணைகிறதா?

அமெரிக்காவின் அரிசோனாவில், தங்கும் வசதியுள்ள கேம்பர் வண்டியில் போய்க்கொண்டிருந்தபோது வந்த தலைவலி இது. ஃபிரிட்ஜ் கரண்டில் நன்றாகக் குளிர்ந்தது. புரொப்பேன் கேஸுக்கு மாற்றினால் தீ பற்றிக்கொண்டு கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். சிலிண்டர், ரெகுலேட்டர், தீ எரிகிறதா என்று உணரும் தெர்மோகப்பிள் எல்லாம் மாற்றியாயிற்று. பலனில்லை. கரண்டோ கேஸ் தீயோ தரும் சூட்டில் அம்மோனியா ஓடித்தான் இந்த ஃபிரிட்ஜ் குளிரும்; வண்டி சாய்ந்து நின்றால் அந்த ஓட்டம் தடைபடும்தான். ஆனால் அப்படியென்றால் கரண்டிலும் குளிராதே!

அப்புறம் வெளிப்பக்கக் கதவைத் திறந்து தீயைக் கவனித்தேன். ஒரு முனை நீலம், மறுமுனை மஞ்சள். கேஸை மூடி, ஆறவிட்டு பர்னரைக் கழற்றினால், துளைகளின் மேல் துருச் செதில்கள். மேலேயுள்ள புகைக்குழாயிலிருந்து வண்டிக் குலுக்கலில் உதிர்ந்தவை. இரண்டையும் பிரஷ் போட்டுச் சுத்தம் செய்தேன். கேஸைப் பீய்ச்சும் ஜெட்டில் மட்டும் ஊசி விடக்கூடாது, துளை பெரிதாகிவிடும்; ஆல்கஹாலில் ஊறவைத்தேன். மாட்டிய பிறகு இணைப்புகளில் சோப்புநீர் தடவிக் கசிவு பார்த்தேன். இப்போது தீ முழுக்க நீலம், அணைவதே இல்லை. மஞ்சள் தீ கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவைக் கக்கும் என்பதால், அதைக் கண்டு ஒலிக்கும் அலாரத்தின் பேட்டரியையும் கையோடு மாற்றிவிட்டேன்.