நாற்பது லூப்பில் எது நல்ல லூப்? துண்டுகளை அடுக்குவதும் ஒப்பிட்டுக் கேட்பதும்

கோயில் கொடை (திருவிழா) முடிந்து வீட்டுக்கு வந்து ரெக்கார்டரைக் கம்ப்யூட்டரில் செருகினால், பாட்டில் திரும்பத் திரும்ப ஓடவிடும் லூப் ஆக்குவதற்கு ஒரே ராத்திரியில் முப்பது நாற்பது துண்டு இருக்கும். மகுடம் என்ற தோல் மேளம் கொஞ்சம், வில்லுப்பாட்டில் குடம் தனியாகக் கேட்ட இடம் கொஞ்சம், நையாண்டி மேளம் தெருமுக்கு திரும்பும்போது பிடித்தது கொஞ்சம். அதற்கு மேல் நாமே வீட்டில் கீபோர்டில் வாசித்துப் பார்த்த பேஸ் (கீழ்ச்சுர வரி), கிட்டாரில் வந்த நாலு மெட்டு. அன்றைக்குக் கேட்கும்போது எல்லாமே நல்லாத்தான் இருக்கும். ஆறு மாதம் கழித்துத் திறந்தால் "புதுசு 7", "புதுசு 7 கடைசி", "கடைசி 2" என்று ப்ராஜெக்ட்கள் வரிசையாக நிற்கும். அந்த ஒரு அடி எதில் இருந்தது என்று தெரியாது, ஒவ்வொன்றாகத் திறந்து, அது லோடாகி, கேட்டு, மூன்றாவதுக்கு வரும்போது முதலாவது எப்படி இருந்தது என்பதே மறந்துபோயிருக்கும்.

பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து மூன்று வருடம் இப்படித்தான் சேர்த்தேன். அதிலிருந்து நான் வந்து சேர்ந்த இடம் இது: ஒரு பாட்டுக்கான யோசனைகள் எத்தனை இருந்தாலும் எல்லாம் ஒரே ப்ராஜெக்டுக்குள், ஒரு விசையைத் தட்டினால் மாறுகிற தூரத்தில், ஒரே சத்த அளவில் இருக்க வேண்டும். காதின் நுணுக்கமான ஞாபகம் சில நொடிதான் நிற்கும். ஒன்றைக் கேட்டு முடித்து, ஃபைலைத் தேடி, இன்னொன்றைத் திறப்பதற்குள் நாம் ஒப்பிடுவது சத்தத்தை அல்ல, சத்தத்தைப் பற்றிய நம் எண்ணத்தை.

நான் வேலை செய்வது ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில். அதனால் விசைகளை அதை வைத்தே சொல்கிறேன். மற்ற மென்பொருள்களில் இதே வேலை எங்கே இருக்கிறது என்று நடுவில் வரும்.

முதலில் பெயர்

பெயர் வைப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது நடக்கவே நடக்காது. ரெக்கார்டரிலிருந்து இறக்கிய அன்றே வைத்துவிடுங்கள். நான் வைக்கும் முறை: கருவி, நடை, வேகம், சுருதி, தேதி. உதாரணமாக "மகுடம்_திஸ்ரம்_128_கட்டையில்லை_2024-05-14". மெட்டு என்றால் "பேஸ்_சதுஸ்ரம்_096_2½கட்டை_2024-06-02". வேகத்தை எப்போதும் மூன்று இலக்கத்தில் எழுதுங்கள், 96 என்பதை 096 என்று. அப்போதுதான் எந்த மென்பொருளில் பார்த்தாலும் வரிசை குலையாது. தேதியில் வருடம் முதலில் வருவதும் அதற்காகத்தான்.

சுருதியைக் கட்டையில் எழுதுவது எனக்குப் பழக்கம். நாகஸ்வரக்காரரிடம் கேட்டாலும் பாடுகிறவரிடம் கேட்டாலும் கட்டைக் கணக்கில்தான் பதில் வரும். கீபோர்டில் சி (C) என்பது 1 கட்டை, டி (D) என்பது 2, டி ஷார்ப் (D#) 2½, ஜி (G) என்றால் 5. ஒரு துண்டு 1 கட்டை, இன்னொன்று 2½ கட்டை என்றால் இடையில் மூன்று அரைச்சுரம் இருக்கிறது என்று பெயரைப் பார்த்தே தெரிந்துவிடும். மூன்று அரைச்சுரம் ஏற்றினால் நாகஸ்வரத்தின் சத்தம் மெலிந்துபோகும். ஆகவே அந்த இரண்டையும் ஒரே பாட்டுக்குப் போட்டி போட விடாமல் பெயரிலேயே பிரித்துவிடலாம்.

தோல் கருவிக்கு இன்னொரு குறிப்பும் வேண்டும். மகுடத்தை நெருப்பில் காட்டிச் சூடேற்றிவிட்டுத்தான் அடிப்பார்கள். நேரம் ஆக ஆகத் தோல் தளர்ந்து சத்தம் இறங்கும், மறுபடி சூடு காட்டுவார்கள். சூடு காட்டியவுடன் எடுத்ததும் அரைமணி கழித்து எடுத்ததும் ஒரே கருவியின் சத்தமாகவே இருக்காது. கணியான் கூத்து என்ற கோயில் கலையில் உச்சம், மந்தம் என்று இரண்டு மகுடம் வேறு. எனவே "உச்சம், சூடான பிறகு" என்று ஒரு வரி நோட்ஸில் போட்டு வைத்தால் இரண்டு லூப் ஏன் ஒட்டவில்லை என்று பின்னால் மண்டையை உடைக்க வேண்டியதில்லை.

அடித்தவர் பெயரையும் எழுதி வையுங்கள். பதிவு செய்வதற்கு முன்னால் அவரிடம் கேளுங்கள், பாட்டில் சேர்ப்பதற்கு முன்னால் இன்னொரு தடவை கேளுங்கள். அது சாமிக்காக அடிக்கும் அடி. நமக்கு லூப், அவருக்கு அப்படியில்லை.

வெட்டுவது

இங்கேதான் நிறைய லூப் கெட்டுப்போகிறது. கொடையில் யாரும் மெட்ரோனோம் வைத்து அடிப்பதில்லை. வேகத்தைக் கண்டுபிடிக்க எளிய கணக்கு: அடிகளின் எண்ணிக்கையை 60-ஆல் பெருக்கி, அது எடுத்துக்கொண்ட நொடிகளால் வகுக்க வேண்டும். பதினாறு அடி 7.5 நொடியில் வந்தால் 128 பிபிஎம் (நிமிடத்துக்கு 128 அடி). அதே பதினாறு அடி, அருள் வந்து ஆடத் தொடங்கியதும் 6 நொடியில் வந்துவிட்டால் 160. இந்த ஏற்றத்தின் நடுவில் வெட்டினால் லூப்பின் கடைசி முதலைவிட வேகமாக இருக்கும். ஒவ்வொரு சுற்றும் திரும்பி வரும்போது கால் இடறுவது போல ஒரு தட்டு தட்டும். ஏறி முடிந்து நிலையாக நிற்கிற இடத்தில் நாலு அல்லது எட்டு ஆவர்த்தனம் (தாளத்தின் முழுச் சுற்று) தேடுங்கள். கிடைக்கவில்லையா, அந்தத் துண்டை லூப் ஆக்க வேண்டாம், முழுசாக அப்படியே வைத்திருங்கள், பாட்டின் முடிவுக்கு அதைவிட நல்ல சாமான் கிடைக்காது.

வேகத்தை ப்ராஜெக்டுக்கு ஏற்ப இழுப்பதைவிட, ப்ராஜெக்டின் வேகத்தை அந்த அடிக்கு ஏற்ப வைப்பதுதான் என் வழி. என் காதுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் இழுத்தாலே தோலின் 'டப்' என்ற முனை மழுங்கிவிடுகிறது.

அப்புறம் கட்டம், அதாவது திரையில் தாள எண்ணிக்கையைக் காட்டும் கோடுகள். மென்பொருளைத் திறந்தால் நாலுக்கு நாலு என்றுதான் கட்டம் வரும், நாமும் பேசாமல் அதன் மேல் வைத்து வெட்டிவிடுவோம். அஞ்சு எண்ணிக்கையில் போகும் கண்ட நடை அடியை நாலு கட்டத்தில் வெட்டினால் அது வேறு அடி. வெட்டாமல் அஞ்சாகவே வைத்து நாலு எண்ணிக்கை பேஸுடன் ஓடவிட்டால் இருபதாவது எண்ணில் இரண்டும் சேரும். ஏழு என்றால் இருபத்தெட்டில். இப்படிச் சேரும் இடத்தைத் தெரிந்துகொண்டு கேட்டால் அது ஒரு அழகு. ஆகவே ஒப்பிடும்போது குறைந்தது அந்தச் சேரும் இடம் வரைக்கும் கேளுங்கள், பாதியில் "ஒட்டவில்லை" என்று தூக்கிப் போட வேண்டாம்.

எங்கே தொடங்குகிறது என்பதையும் நம் கண்ணை நம்பி முடிவு செய்யக் கூடாது. அலைவடிவத்தில் பெரிதாகத் தெரியும் முனையில் வெட்டுவதுதான் என் வழக்கமாக இருந்தது. ஒரு தடவை மகுடம் அடிக்கும் அண்ணாச்சி ஒருவருக்கு என் லூப்பைப் போட்டுக் காட்டினேன். இரண்டு சுற்று கேட்டுவிட்டு, "தம்பி, அடி முடியுத எடத்துல தொடங்கி வச்சிருக்கியே" என்றார். அன்றிலிருந்து லூப்பை வெட்டுவதற்கு முன்னால் அதற்கு முந்தைய பத்து நொடியையும் சேர்த்துக் கேட்டு, கூடவே தாளம் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கத்தரியை வைக்கிறேன்.

ஒன்றின் மேல் ஒன்றாக

ரீப்பரில் ஒரு ஐட்டத்துக்குள் (திரையில் தெரியும் ஒரு ஒலித் துண்டு) எத்தனை டேக் (அதே இடத்துக்கான மாற்றுப் பதிவு) வேண்டுமானாலும் இருக்கலாம். லூப் போட்டு ரெக்கார்டு செய்தால் ஒவ்வொரு சுற்றும் ஒரு டேக்காகத் தானே அடுக்கிக்கொள்ளும். ஏற்கெனவே தனித்தனி ட்ராக்கில் கிடக்கும் துண்டுகள் என்றால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தொடங்கும்படி நேராக வைத்துத் தேர்ந்துகொண்டு, கேள்விக்குறி விசையைத் தட்டி ஆக்‌ஷன் பட்டியலைத் திறந்து "இம்ப்ளோடு" (implode) என்று தேடுங்கள். ட்ராக்குகளுக்குக் குறுக்கே உள்ள ஐட்டங்களை டேக்குகளாக்கும் கட்டளை வரும். அதற்குப் பிறகு ஐட்டத்தைத் தேர்ந்துகொண்டு, பாட்டு ஓடும்போதே டி (T) விசையைத் தட்டினால் அடுத்த டேக், ஷிஃப்டுடன் அதே விசையைத் தட்டினால் முந்தையது. அவ்வளவுதான். பேஸ் ஓடிக்கொண்டே இருக்கும், மேளம் மட்டும் மாறும். 2023-இல் வந்த ரீப்பர் 7-இல் ஒரே ட்ராக்குக்குள் லேன்கள் (ஒன்றின் கீழ் ஒன்றான வரிசைகள்) போட்டும் இதைச் செய்யலாம்; ஒன்றிலிருந்து பாதி, இன்னொன்றிலிருந்து பாதி என்று பொறுக்கிச் சேர்ப்பதற்கு அது இன்னும் வசதி.

ஏபிள்டன் லைவ் வைத்திருப்பவர்களுக்கு செஷன் வியூ இதற்கென்றே பிறந்தது. ஒரு ட்ராக்கில் ஒரு நேரத்தில் ஒரு கிளிப்தான் ஓடும், அடுத்ததைத் தட்டினால் பார் (ஒரு தாளச் சுற்று) முடிந்ததும் தானே மாறும். எஃப்எல் ஸ்டுடியோவில் பேட்டர்ன்களை குளோன் செய்து வைத்து, முழுப் பாட்டின் அமைப்பை மாற்றிப் பார்க்க தனி அரேஞ்மென்ட்கள் போடலாம். லாஜிக்கில் ட்ராக் ஆல்டர்னேட்டிவ்ஸ், லைவ் லூப்ஸ் இரண்டும் உண்டு. ஆடாசிட்டி மட்டும்தான் இருக்கிறதா, பரவாயில்லை, ஒன்றின் கீழ் ஒன்றாக ட்ராக் போட்டு லூப் ஓடவிட்டு சோலோ பட்டனை மாற்றி மாற்றி அழுத்துங்கள்.

சத்தத்தைச் சமன் செய்யாமல் தீர்ப்பு சொல்லாதீர்கள்

இதை மட்டும் செய்யுங்கள், மற்றதை விட்டாலும் பரவாயில்லை. இரண்டு லூப்பில் ஒன்று கொஞ்சம் உரக்க இருந்தால் நமக்கு அதுதான் நல்லது என்று தோன்றும். ஒரு டெசிபெல் போதும், உரக்க இருக்கிறது என்று தெரியாது, "உயிர் இருக்கிறது" என்று தோன்றும். சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்கு அடித்தொனி குறைவாகவே கேட்கும். ஃபிளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1933-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். மந்த மகுடத்தின் கீழ்ச் சத்தம் கூடுதலாகக் கேட்பதற்குக் காரணம் அந்த டேக்கின் அருமையாக இல்லாமல் வெறும் வால்யூமாக இருக்கலாம்.

பீக்கை, அதாவது சத்தத்தின் உச்ச முனையை வைத்துச் சமன் செய்வது இங்கே உதவாது. மகுடத்தின் முனை உயரம், வால் குட்டை; நாகஸ்வரம் நீளமாக நிரம்பி நிற்கும். இரண்டின் பீக்கும் ஒன்றாக இருந்தாலும் மேளம் சின்னதாகக் கேட்கும். நார்மலைஸ் (சத்தத்தைச் சமப்படுத்துவது) செய்யும் இடத்தில் எல்யூஎஃப்எஸ் (LUFS, காதுக்குக் கேட்கும் உரப்பின் அளவு) என்ற அளவைத் தேர்ந்து, எல்லா டேக்குக்கும் ஒரே எண் கொடுங்கள். −20 என்று நான் வைக்கிறேன், எந்த எண்ணாக இருந்தாலும் எல்லாவற்றுக்கும் அதுவே. இரண்டு மூன்று நொடிக்கும் குறைவான துண்டில் அந்த அளவை ரொம்ப நம்ப வேண்டாம். எஃப்2 தட்டி, டேக் வால்யூமைக் காதால் சரிசெய்யுங்கள். அதே ஜன்னலில் ஐட்டம் வால்யூம் என்று ஒன்று இருக்கும், அதைத் தொட்டால் எல்லா டேக்கும் சேர்ந்து ஏறும், சமன் செய்ததற்கு அர்த்தம் இல்லாமல் போகும்.

இப்போது கேளுங்கள். தனியாக அல்ல, குரலும் பேஸும் சேர்ந்து ஓடும்போது. தனியாகக் கேட்டால் நிறைய வேலைப்பாடு உள்ள அடிதான் ஜெயிக்கும், பாட்டோடு கேட்டால் பெரும்பாலும் இடம்விட்டு அடிப்பதுதான் நிற்கும். இரண்டுக்கு வந்து நின்றுவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு டி (T) விசையைப் பல தடவை கண்டபடி தட்டி, எது எது என்று தெரியாத நிலையில் பிடித்ததைச் சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்து பாருங்கள். மூன்று தடவையும் ஒன்றே வந்தால் சரி. மாறி மாறி வந்தால் இரண்டும் உங்களுக்கு ஒன்றுதான், எதையாவது எடுத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போங்கள். ராத்திரி பதினோரு மணிக்குத் தீர்மானித்ததைக் காலையில் ஒரு தடவை கேட்டுவிட்டு உறுதி செய்வது நல்லது.

முழுப் பாட்டின் அமைப்பை ஒப்பிட வேண்டுமென்றால், இடத்தைத் தேர்ந்து ஷிஃப்டுடன் ஆர் (R) தட்டி ஒவ்வொரு பகுதியையும் ரீஜன் (பெயரிட்ட பகுதி) ஆக்குங்கள்: "தொடக்கம் குடத்தோடு", "தொடக்கம் குடமில்லாமல்". செட்டிங்ஸில் ஸ்மூத் சீக் என்பதை இயக்கிவிட்டால், ஒன்று ஓடும்போது இன்னொன்றின் மேல் கிளிக் செய்தாலும் நடுவில் வெட்டாமல், பார் முடிந்த பிறகுதான் தாவும்.

தோற்ற டேக்குகளை அழிக்காதீர்கள். "கிடப்பு" என்று ஒரு ட்ராக் போட்டு, ம்யூட் செய்து, சாம்பல் நிறம் கொடுத்து அங்கே தள்ளிவிடுங்கள். எதற்காகத் தள்ளினோம் என்று ஒரு வரி எழுதுங்கள். "குரலோடு மோதுகிறது" என்று எழுதிய ஒரு குடம் லூப், குரலே இல்லாத இன்னொரு பாட்டுக்கு எனக்கு அப்படியே பொருந்தியது.

சேமிக்கும்போது எல்லா மீடியாவையும் ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் காப்பி செய் என்ற டிக்கைப் போடுங்கள். இதைப் போடாமல் ஃபோல்டரை மட்டும் எடுத்து வைத்ததில், பழைய டிஸ்க் நின்ற அன்று ஒரு முழுக் கொடைப் பதிவும் போயிற்று. திரையில் வெறும் பெயர்கள்தான் மிச்சம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோவில் ஒரு நிமிடம் சுமார் 17 எம்பி. இரண்டு நிமிடத் துண்டு நாற்பது என்றாலும் ஒன்றரை ஜிபிக்குள் அடங்கிவிடும். ஒரு பென்டிரைவில் இன்னொரு பிரதி எடுத்து, அந்தக் கொடையின் பெயரையும் தேதியையும் ஒட்டி, கம்ப்யூட்டர் இல்லாத வேறு அறையில் வையுங்கள்.