உலகப் பிரச்சினைகளுக்கான உத்திகளைத் தொகுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலையகத்தில், பதுளைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து வாசிகசாலையில் உயர்தர வகுப்பு மாணவர்களோடு சேர்ந்து ஒரு கொப்பி தொடங்கினோம். உலகத்தின் பெரிய பிரச்சினைகளைச் சமாளிக்க மனிதர்கள் என்னென்ன வழிகளைக் கையாள்கிறார்கள் என்று எழுதி வைப்பதுதான் வேலை. இது புதிய யோசனை இல்லை. பிரசெல்ஸில் 1907 இல் தொடங்கிய சர்வதேச சங்கங்களின் ஒன்றியம், 1970களிலிருந்தே உலகப் பிரச்சினைகளைத் தொகுத்து, உத்திகளையும் அவற்றோடு இணைத்துவருகிறது. எங்களுடையது சின்னக் கொப்பி. ஆனாலும் இந்த வேலையில் எங்கெங்கே சறுக்கும் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

முதல் நாள் பக்கங்கள் வேகமாக நிரம்பின. "வறுமையை ஒழித்தல்", "மண்சரிவைத் தடுத்தல்", "பட்டினியைப் போக்கல்". திரும்பப் படித்தால் ஒன்றுகூட உத்தி இல்லை. பிரச்சினையின் பெயருக்குப் பின்னால் ‘ஒழித்தல்’ சேர்த்தால் கிடைப்பது இலக்கு மட்டுமே. ஐ.நா. 2015 இல் ஏற்றுக்கொண்ட 17 நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளைப் பார்த்து எழுதினாலும் இதே கதைதான்: போய்ச் சேர வேண்டிய ஊர்களின் பெயர் கிடைக்கும், பாதை கிடைக்காது.

யார், எப்போது, என்ன செய்கிறார் என்பது இருந்தால்தான் அது உத்தி. மண்சரிவையே எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கையின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழைமானியை வைத்து எச்சரிக்கை விடுகிறது. 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 ஐத் தாண்டினால் புறப்படத் தயாராக வேண்டும், 150 ஐத் தாண்டினால் வெளியேற வேண்டும். இது உத்தி. இதை இன்னொரு மலைநாட்டில் இருப்பவர் படித்தாலும், தன் ஊர் மண்ணுக்கு எந்த அளவு பொருந்தும் என்று யோசிக்க ஒரு பிடி கிடைக்கிறது.

இரண்டாவது தவறு எனக்கு இன்னும் வலிக்கிறது. உத்தியை எழுதிவிட்டு, அது வேலை செய்ய எது தேவை என்பதை விட்டுவிடுவது. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 அன்று மலை சரிந்து, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை பல ஆண்டுகளுக்கு முன்பே கொடுக்கப்பட்டிருந்தது. ஆனால் லயத்தில் இருப்பவருக்குச் சொந்தக் காணி இல்லை. எழுந்து எங்கே போவது? ஆகவே ‘முன்னெச்சரிக்கை’ என்ற பக்கத்தில் ‘போய்த் தங்க இடம்’ என்ற வரியும் இருக்கவே வேண்டும். அது இல்லாத பதிவு, படிப்பவருக்குப் பொய்யான நம்பிக்கையைத் தரும்.

அப்புறம், வெற்றி என்று அறிவித்த நாளோடு பதிவை முடித்துவிடுவது. இலங்கையில் 1963 இல் மலேரியா நோயாளர்கள் வெறும் 17 பேர். அந்த ஆண்டோடு எழுதி முடித்திருந்தால் அருமையான வெற்றிக் கதை. மருந்து தெளிப்பதைக் கைவிட்டார்கள், கண்காணிப்பும் தளர்ந்தது. 1968-69 இல் பெரும் தொற்றாகத் திரும்பி வந்தது. மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது 2016 இல்தான். இந்த மூன்று கட்டங்களும் ஒரே பக்கத்தில் இருந்தால்தான் அந்த உத்தியை ஒருவர் முழுதாகப் புரிந்துகொள்ள முடியும். தோற்றதையும் இதேபோல எழுதுங்கள். 2021 இல் இரசாயன உர இறக்குமதி திடீரென்று தடை செய்யப்பட்டு, அந்த ஆண்டு முடியுமுன்பே தடை விலக்கப்பட்டது. ‘சேதன விவசாயம்’ (இயற்கை உர விவசாயம்) என்று மட்டும் எழுதினால், மாறிக்கொள்ள அவகாசமே தராமல் செய்த மாற்றம் அது என்பது மறைந்துபோகும்.

ஒரு தீர்வு இன்னொரு பிரச்சினையைப் பெற்றெடுப்பதும் உண்டு. ஓசோன் படலத்தைக் காக்க 1987 இல் மொன்றியல் ஒப்பந்தம் வந்தது. பழைய குளிரூட்டி வாயுக்களுக்குப் பதிலாக வந்தவை ஓசோனைக் கெடுக்கவில்லை, ஆனால் பூமியைச் சூடாக்கின. அவற்றைக் குறைக்க 2016 இல் கிகாலியில் ஒரு திருத்தம் தேவைப்பட்டது. எங்கள் மலைகளே இதற்குச் சாட்சி. 1869 இல் இலைத்துரு நோய் வந்து கோப்பி அழிந்தது, தேயிலை மாற்றுப் பயிரானது. தோட்ட முதலாளிக்கு அது தீர்வு. கோப்பிக்குத் தொழிலாளர்கள் பருவத்தில் வந்து திரும்பினால் போதும். தேயிலைக்கு வருடம் முழுக்கக் கொழுந்து பறிக்க ஆள் வேண்டும். எங்கள் முன்னோர் லயத்திலேயே தங்கிப்போனார்கள். அதனால் ‘யாருக்கான தீர்வு’ என்று கேட்காமல் எந்தப் பக்கத்தையும் மூடாதீர்கள்.

ஒரே உத்தியை இரண்டு பெயரில் எழுதுவது சின்னத் தவறு, எழுதுமுன் தேடிப் பார்த்தால் சரியாகிவிடும்.

ஆனால் அறிக்கைகளில் வருவதை மட்டும் உத்தி என்று நினைப்பது சின்னத் தவறு இல்லை. ஒரு மாணவி, "எங்கள் மரணாதார சங்கத்தை எழுதலாமா?" என்று தயங்கிக் கேட்டாள். கட்டாயம் எழுத வேண்டும். மாதாமாதம் வீட்டுக்கு ஒரு தொகை; இழவு விழுந்தால் செலவுக்குப் பணம் அன்றே கையில். வங்கிக் கணக்கும் காப்புறுதியும் இல்லாதவர்கள் அதிர்ச்சியைத் தாங்க அமைத்துக்கொண்ட ஏற்பாடு அது. அவள் பக்கத்தை முழுதாக எழுதினாள்: யார் பணம் சேர்க்கிறார்கள், கணக்கை யார் பார்க்கிறார்கள், பிள்ளைகள் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்ட வீடுகளில் சந்தா எப்படி நின்றுபோகிறது என்பது வரை.